ஸ்காட்லாந்துத் தீவுகளுக்குக் கேம்பர்வேன் எடுப்பவர்கள் கவனத்துக்கு

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களில் சிலர் இந்த வருடம் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குக் கேம்பர்வேனில் (படுக்கை, அடுப்போடு உள்ளேயே தங்கும் வேனில்) போகத் திட்டமிடுவதாகக் கேள்விப்பட்டேன். சென்ற ஜூலையில் மனைவி, பிள்ளைகளோடு அப்படிப் போய், பணத்தையும் பாதிப் பயணத்தையும் பறிகொடுத்துத் திரும்பியவன் நான். வேனை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் அந்தத் தீவுகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஸ்காட்லாந்தின் பெருநிலக் கரையிலுள்ள அல்லாபூலில் படகேறினால் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்தில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே. அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஹாரிஸ். ஹாரிஸின் தென்முனையில் லெவர்பர்க் துறையிலிருந்து இன்னொரு படகில் பெர்னரே. அதற்குப் பிறகு வட யூயிஸ்ட், பென்பெக்யூலா, தென் யூயிஸ்ட், எரிஸ்கே எல்லாவற்றையும் கடல்மேல் போட்ட சாலைகள் இணைக்கின்றன. எரிஸ்கேயிலிருந்து மூன்றாவது படகில் பாரா. பாராவின் காசில்பேயிலிருந்து நான்காவது படகு மறுபடி பெருநிலத்தின் ஓபனுக்கு, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஜூலையில் இந்தப் படகுகளில் வண்டி நிறுத்தும் இடம் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஒரு படகு தவறினால் அடுத்த மூன்றும் ஆட்டம் காணும்.

டிக்கெட் போடும்போது வண்டியின் நீளத்தைக் கேட்பார்கள். பெயருக்குக் கேட்பதில்லை, படகின் தளத்தில் எந்த வண்டிக்கு எவ்வளவு இடம் என்று கணக்குப் போடுவதே அந்த எண்ணை வைத்துத்தான். சைக்கிள் மாட்டும் சட்டம், இழுவைக் கொக்கி எல்லாம் அதில் சேர்த்தி.

விளம்பரத்தில் 5.4 மீட்டர் என்றிருந்தது. மின்னஞ்சலில் கேட்டேன், "ஆம், 5.4" என்று பதில் வந்தது. நான்கு படகுகளுக்கும் அந்த நீளத்தையே கொடுத்து டிக்கெட் எடுத்தேன். வண்டியை எடுக்கப் போன மாலை, கடையை மூடும் நேரம் என்று அவசரப்படுத்தினார்கள். பின்புறம் பெரிய சைக்கிள் சட்டம் மாட்டியிருந்தது. "பிள்ளைகளுக்காக இலவசமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்" என்று அந்த ஆள் சிரித்தார்.

அல்லாபூல் துறையில் மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் வண்டியைப் பார்த்தார், கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார், மறுபடியும் வண்டியைப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து முன் பம்பரில் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என் மகனிடமே கொடுத்தார். பின்னால் சட்டத்தின் கடைசிக் கம்பி வரை இழுத்தார். 6.2 மீட்டர். சட்டத்தைக் கழித்து அளந்தாலும் 5.4 வரவில்லை, 5.7. அதாவது விளம்பரமே பொய். சைக்கிள் சட்டம் அதன்மேல் போட்ட கூடுதல் பொய்.

ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். தன்மையாகப் பேசினார், தளத்தில் இடமில்லை, காத்திருப்போர் வரிசையில் நில்லுங்கள் என்றார். நின்றோம். சனிக்கிழமைப் படகுகள் எங்களை விட்டுவிட்டுப் போயின. ஞாயிறு மாலைப் படகில் இடம் கிடைத்தது. 2009 ஜூலை வரை அந்தத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை பயணிகள் படகே ஓடியதில்லை. அந்த வகையில் எங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஹாரிஸில் முன்பணம் கட்டியிருந்த முகாம் இடம் அதற்குள் கைநழுவிப் போயிருந்தது.

ஞாயிறு இரவு லூயிஸில் சோறு வைத்தோம். அரிசி பாதி வெந்த நிலையில் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகி, இரண்டு தடவை துடித்து அணைந்துவிட்டது. மனைவி போய் சிலிண்டர் பெட்டியைத் திறந்து, அதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாள். "இது காலி சிலிண்டர்ங்க, நமக்குக் கொடுக்கும்போதே காலிதான்" என்றாள். கழுத்தில் வெற்று எடை பொறித்திருக்கும். நம் வீட்டுப் பெண்கள் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. முழு சிலிண்டர் தருவதாக வாடகைச் சீட்டில் எழுதியிருந்தது. லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிறு என்றால் ஓய்வுநாள். பெரும்பாலான கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் மூடியிருக்கும். பிள்ளைகள் ரொட்டியும் ஜாமும் தின்று படுத்தார்கள். உட்புற மின்கலமும் நள்ளிரவுக்கு முன்பே செத்துவிட்டது. அதைத் தனியாக விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

இந்த நிறுவனம் தரும் "வழிகாட்டிக் கையேடு" பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத் தனியாக 45 பவுண்ட் வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் வேனை நிறுத்தி உறங்கலாம், சட்டமே அனுமதிக்கிறது என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை, நடந்தோ சைக்கிளிலோ போய்க் கூடாரம் போடுபவர்களுக்கானது. மோட்டார் வண்டி அதில் சேராது. கையேடு எங்களை அனுப்பிய இடம் லஸ்கன்டயர் கடற்கரையில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய கார் நிறுத்தம். கடல் பச்சையும் நீலமுமாக மின்னுகிற இடம்தான், மறுக்கவில்லை. இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஒரு மூதாட்டி வந்து கண்ணாடியைத் தட்டினார். இது எங்கள் ஆட்களைப் புதைக்கும் இடம், இரவில் இங்கே தங்கலாமா என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார், அதுதான் கூடுதல் கூச்சம். அந்தப் பகுதி நிலங்களை நிர்வகிக்கும் உள்ளூர் அறக்கட்டளை, வேன்கள் இரவு தங்கவென்றே சில இடங்களை ஒதுக்கிச் சிறு கட்டணம் வாங்குகிறது என்று அவர்தான் சொல்லி வழியும் காட்டினார். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. காற்று ஓய்ந்த மாலைகளில் மொய்க்கும் மிட்ஜ் கொசுக்களைப் பற்றியும் கிடையாது.

லெவர்பர்க் படகுக்கு நீளத்தைத் திருத்திக் கேட்டபோது இடமில்லை என்றார்கள். யூயிஸ்டும் பாராவும் அத்தோடு போயின. பாராவில் அலை வடிந்த மணலிலேயே பயணிகள் விமானம் இறங்கும்; அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் கிளம்பியதே. ஹாரிஸின் டார்பர்ட்டிலிருந்து ஸ்கைத் தீவு வழியாகத் திரும்பினோம்.

வண்டியை ஒப்படைத்த பிறகுதான் உண்மையான கொள்ளை. 1,000 பவுண்ட் டெபாசிட்டில் 280 மட்டும் திரும்ப வந்தது. அடிப்பாகத்தில் மணலும் உப்பும் படிந்ததைக் கழுவ 190, பக்கவாட்டுக் கீறலுக்கு 430, மீதிக்கு "நிர்வாகச் செலவு". தீவுக்குப் போகும் வண்டி என்று தெரிந்தே வாடகைக்கு விட்டு, உப்புக்காற்றுக்கு அபராதம்! கீறலுக்குச் சான்றாக ஒரு புகைப்படம் அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். கீறல் இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் மதில்மேல் விரற்கடைக்குப் பனியும் இருக்கிறது. நாங்கள் போனது ஜூலை மாதம்.

இனிப் பணம் பற்றி. முன்பணம் 150 பவுண்டை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன்; மீதியை வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் தள்ளுபடி என்று அவர்கள் ஆசை காட்டியிருந்தார்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள ஒன்றில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலே, முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது. இடையில் இன்னொரு முன்பதிவுத் தளம் புகுந்தாலும் பாதுகாப்பு அறுந்துபோகலாம், ஆகவே வேன் தருபவருக்கே நேரடியாகக் கட்டுங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வாடகைப் பொருளும் விவரித்தபடி இருக்க வேண்டும். 5.4 என்று எழுதிய மின்னஞ்சலையும் துறையில் நாடாவோடு எடுத்த படத்தையும் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். வேன் நிறுவனம் "நாங்கள் சொன்னது உட்புற நீளம்" என்று ஒரு பதில் கொடுத்துப் பார்த்தது. எடுபடவில்லை. வாடகையில் பாதியும், வீணான படகு டிக்கெட், முகாம் பணமும் வந்து சேர்ந்தன.

நீங்கள் போவதாக இருந்தால் கையில் ஒரு அளவு நாடா கொண்டுபோய், வண்டியைக் கொடுப்பவர் எதிரிலேயே முனைக்கு முனை அளந்து, அளப்பதை வீடியோ எடுங்கள். சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். டெபாசிட்டில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். "மணல்", "உப்பு" என்ற சொற்கள் அதில் தென்பட்டால் வேறு இடம் பாருங்கள். மாலையில் வண்டி எடுக்காதீர்கள், அவசரத்தில் அவர்களுக்குத்தான் லாபம்.

டெபாசிட் பாக்கி 720 பவுண்டுக்காக ஷெரிஃப் நீதிமன்றத்தில் (ஸ்காட்லாந்தின் உள்ளூர் நீதிமன்றம்) எளிய நடைமுறையில் மனு போட்டிருக்கிறேன். 5,000 பவுண்ட் வரையான வழக்குகளுக்கு ஸ்காட்லாந்தில் அதுதான் வழி, வக்கீல் தேவையில்லை. அவர்களுடைய பனிப் படத்தையும் என் தரப்புச் சான்றாக இணைத்திருக்கிறேன்.