நைஜீரிய பாஸ்போர்ட்டுக்கு எந்த வழி நல்லது: லண்டனா, ஷெங்கனா, அக்ராவா?

லாகோஸிலோ அபுஜாவிலோ வசிக்கும் ஒரு நைஜீரியர் இரண்டு வாரம் வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்பினால், முக்கியமாக எடைபோட வேண்டிய வழிகள் மூன்று. பிரிட்டனின் விசிட்டர் விசா ஒன்று, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசாவாக இருக்கும் ஷெங்கன் விசா இன்னொன்று. மூன்றாவது, கானா (தலைநகர் அக்ரா) போல விசாவே கேட்காத ஆப்பிரிக்க நாடுகள். அமெரிக்காவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நைஜீரியர்களுக்கான சுற்றுலா விசாவை 2025 ஜூலையில் மூன்று மாதம், ஒரே நுழைவு என்று சுருக்கினார்கள். 2026 ஜனவரி 1 முதல் அதையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விண்ணப்பக் கட்டணமான 185 டாலர் கட்டினால் திரும்பாது. எந்த ஏஜென்ட் என்ன சொன்னாலும் கட்டாதீர்கள். கனடா திறந்திருக்கிறது. 100 கனடா டாலர் கட்டணம், கைரேகைக்கு 85. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பிரிட்டன் கேட்பவைதான் என்பதால் பிரிட்டனுக்குச் சொல்வதை அங்கேயும் பொருத்திக்கொள்ளலாம்.

மூன்றையும் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். பிரிட்டன் அதிகாரி பார்ப்பது, உங்கள் வருமானத்துக்கு இந்தப் பயணம் கட்டுப்படியாகுமா என்பதை. ஷெங்கன் தூதரகம் பார்ப்பது, கேட்ட தாள் எல்லாம் இருக்கிறதா, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பதை. அக்ரா போகும் வழியில் எல்லைச் சாவடிக்காரர் கேட்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையை. ஒன்றுக்குத் தயாரித்த ஃபைலை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிக்கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

முதலில் பாஸ்போர்ட்

2025 செப்டம்பர் 1 முதல், ஐந்தாண்டு செல்லும் 32 பக்கப் புத்தகம் 1 லட்சம் நைரா, பத்தாண்டு செல்லும் 64 பக்கப் புத்தகம் 2 லட்சம் நைரா. அடிக்கடி பயணம் போக எண்ணமிருந்தால் பெரியதையே எடுங்கள். ஷெங்கனுக்குத் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடி வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும், புத்தகம் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

பெயர்தான் பெரிய தலைவலி. தேசிய அடையாள எண்ணில் ஒரு வரிசை, வங்கிக் கணக்கில் இன்னொரு வரிசை, திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், சம்பளச் சீட்டில் பழைய பெயர் என்று கிடக்கும். விண்ணப்பம் போட்ட பிறகு நீதிமன்ற அஃபிடவிட் வாங்கி ஒட்டுப்போடுவதைவிட, இரண்டு மாதம் முன்பே வங்கிப் பெயரைத் திருத்திக்கொள்வது மேல். கிராமத்து முறைப்படி மட்டும் கல்யாணம் செய்தவர்களிடம் பதிவுச் சான்றிதழ் இருக்காது. தம்பதியாக விண்ணப்பிப்பதானால் அதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

செலவு

பிரிட்டனின் ஆறு மாத விசா 2025 ஏப்ரல் 9-ல் 127 பவுண்டு ஆனது. கைக்குழந்தைக்கும் அதே கட்டணம்தான். ஷெங்கன் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். அப்பா, அம்மா, 8 வயதுப் பிள்ளை, 4 வயதுப் பிள்ளை என்று நான்கு பேர் கிளம்பினால் அந்தக் கணக்கில் பிரிட்டனுக்கு 508 பவுண்டு, ஷெங்கனுக்கு 225 யூரோ. பவுண்டுக்குச் சுமார் 2,000 நைரா என்று வைத்தால் முதலாவது மட்டும் 10 லட்சம் நைரா தாண்டுகிறது.

ஆனால் ஷெங்கனின் செலவு அத்தோடு நிற்காது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். போய்வரும் விமான முன்பதிவும் ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிட முன்பதிவும் காட்ட வேண்டும். பிரிட்டனோ விசா வரும்வரை டிக்கெட் வாங்காதீர்கள் என்று தானே சொல்கிறது, காப்பீடும் கேட்பதில்லை. நிராகரித்தால் பிரிட்டனில் போவது கட்டணம் மட்டும். ஷெங்கனில் ரத்து செய்ய முடியாத ஹோட்டலைப் பதிவு செய்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சின்னத் தொல்லை: வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டிய இடத்தில் நைரா கார்டு வரம்பில் இடித்துப் பாதியில் நின்றுவிடும். டாலர் கணக்கோடு இணைந்த கார்டு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன்: கணக்கு வழக்குதான் எல்லாம்

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். லாகோஸ் அல்லது அபுஜா மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரம். முன்னுரிமைச் சேவை திறந்திருக்கும் காலத்தில் 500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் ஐந்து வேலை நாள். நேர்காணல் அரிது. ஃபைல்தான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

ஃபைல் எங்கே கவிழ்கிறது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். சம்பளம் மாதம் 4.5 லட்சம் நைரா. படிவத்தில் இரண்டு வாரப் பயணச் செலவு 2,500 பவுண்டு என்று போட்டிருக்கிறார். நைராவில் அது 50 லட்சம், அதாவது பதினோரு மாதச் சம்பளம். வங்கி அறிக்கையைப் புரட்டினால் ஐந்து மாதமாக இருப்பு 2 லட்சத்தைத் தாண்டவே இல்லை. விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்னால் 60 லட்சம் ஒரே நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. யார் அனுப்பியது, எதற்கு என்ற விளக்கம் இல்லை. இருப்பு போதும் என்று அவர் நினைக்கிறார். அதிகாரியோ, இது கடன் வாங்கிக் காட்டிய பணம், பதினோரு மாதச் சம்பளத்தை இரண்டு வாரத்தில் செலவழிக்கப்போகிறவர் திரும்பி வரப்போவதில்லை என்று முடிவு கட்டுகிறார். 'ஜாப்பா', அதாவது நாட்டைவிட்டே கிளம்பிவிடுவது, என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் அந்தச் சந்தேகம் எழுவதில் ஆச்சரியமும் இல்லை.

இதற்கு மருந்து இன்னும் பெரிய இருப்பு காட்டுவதல்ல, பயணத்தைச் சுருக்குவது. ஏழு நாள், நடுத்தர விடுதி, 1,100 பவுண்டு என்று போட்டு, ஆறு மாதமாகச் சேர்ந்த சேமிப்பைக் காட்டினால் கதை நம்பும்படி இருக்கும். மொத்தமாகப் பணம் வந்திருந்தால் வந்த வழியைத் தாளில் காட்டுங்கள். நம்மூர்ச் சீட்டைப் போல அங்கே 'அஜோ' உண்டு. அஜோ எடுத்த பணமானால், மாதாமாதம் கட்டிய தொகைகளை அறிக்கையில் கோடிட்டு, குழுப் பொறுப்பாளரின் கையெழுத்திட்ட கடிதம் வையுங்கள். நிலம் விற்றதானால் விற்பனை ஒப்பந்தமும் வாங்கியவரின் வங்கி மாற்றமும். 2023 ஜூனில் நைராவை மிதக்கவிட்ட பிறகு அதன் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அதனால் பழைய மாதிரிக் கடிதங்களில் இருக்கும் தொகைகளைப் பார்த்து எழுதாதீர்கள்.

வேலை செய்யும் இடத்துக் கடிதத்தில் பதவி, சம்பளம், சேர்ந்த தேதி, விடுப்பு தேதி நான்கும் இருக்க வேண்டும். அதில் உள்ள எண்ணுக்கு அழைத்துச் சரிபார்ப்பதுண்டு. இலவச மின்னஞ்சல் முகவரியும் யாரும் எடுக்காத கைபேசி எண்ணும் போட்ட லெட்டர்ஹெட், உண்மையான வேலையைக்கூடப் பொய்யாகக் காட்டிவிடும். லண்டனில் மாமா செலவைப் பார்த்துக்கொள்வார் என்றால் அவருடைய கணக்கையும் வைக்கலாம். ஆனால் நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள் என்ற கேள்விக்கு மாமாவின் பணம் பதிலாகாது.

கிடைத்தால் பலன் பெரிது. ஆறு மாதத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். முதல் தடவையே ஐந்தாண்டு, பத்தாண்டு விசா கேட்பது பணத்தைக் கொட்டுவது. கட்டணம் பல மடங்கு, குறைத்துக் கொடுத்தால் மீதி திரும்பாது.

ஷெங்கன்: அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பதே பாதி வேலை

முடிவு சொல்லச் சட்டப்படி 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சிக்கல் அதற்கு முந்தைய படியில்: கோடைக்கும் டிசம்பருக்கும் முன்னால் லாகோஸில் நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த நெருக்கடியில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பாரிஸ் போக வேண்டும், பிரான்ஸுக்கு நாள் இல்லை. இன்னொரு நாட்டுக்கு இருக்கிறது என்று அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கிறார்கள். விதிப்படி அதிக இரவு எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். விசாவை வாங்கிக்கொண்டு நேராகப் பாரிஸில் இறங்கினால் எல்லையிலேயே கேள்வி வரும், விசா ரத்தாகவும் கூடும். நாள் கிடைக்கும் நாட்டிலேயே பெரும்பகுதி இரவுகளை வைத்துத் திட்டத்தை உண்மையாகவே மாற்றிக்கொள்வது சரியான வழி.

விண்ணப்பம் போட்ட மறுநாளே ஹோட்டலை ரத்து செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தூதரகம் ஹோட்டலுக்குப் போன் போட்டால் அதோடு முடிந்தது. உறவினர் வீட்டில் தங்குவதானால் பிரான்ஸில் அவர் தம் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அது கூரியரில் வந்து சேரும் நாளையும் கணக்கில் வையுங்கள்.

2024-ல் நைஜீரியாவிலிருந்து போன சுமார் 1,11,000 ஷெங்கன் விண்ணப்பங்களில் 50,000-க்கும் மேல் நிராகரிக்கப்பட்டன. கிடைப்பவர்களுக்கும் முதல் விசா இறுக்கமாகவே வரும்: கேட்ட நாளும் கொஞ்சம் கூடுதலும், பெரும்பாலும் ஒரே நுழைவு. ஸ்டிக்கரை வாங்கியதும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று தேதி வரம்பு, மற்றது தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை. வரம்பு 25 நாள் இருக்கும், அனுமதித்த நாள் 10 மட்டும் இருக்கும். வரம்பைப் பார்த்துவிட்டுப் பதினைந்து நாள் தங்கியவர், தெரியாமலே அத்துமீறித் தங்கியவர் ஆகிவிடுகிறார். 2025 அக்டோபரிலிருந்து எல்லைகளில் வந்துபோவதைக் கணினியில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டதால், முத்திரை மங்கலாக இருந்தது என்ற சாக்கெல்லாம் இனி எடுபடாது.

நைஜீரியாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டோடு, வெளிநாட்டவர் நைஜீரியாவில் வசிக்க அனுமதிக்கும் செர்பாக் அட்டையும் செல்லுபடியாக இருக்க வேண்டும். அது காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்த ரசீது மட்டும் கையில் இருக்கும்போது போய் நிற்காதீர்கள்.

விசா கேட்காத பக்கம்

மேற்காப்பிரிக்கக் கூட்டமைப்பான எகோவாஸ் நாடுகளில் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். 2025 ஜனவரி 29-ல் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் வெளியேறிவிட்டதால் இப்போது நைஜீரியாவையும் சேர்த்துப் பன்னிரண்டு நாடுகள். வெளியே ருவாண்டாவும் கென்யாவும் நைஜீரியர்களிடம் முன்கூட்டி விசா கேட்பதில்லை.

லாகோஸிலிருந்து அக்ராவுக்குப் பேருந்தில் போனால் மூன்று எல்லை: செமேயில் பெனினுக்குள், ஹில்லகோஞ்சியில் டோகோவுக்குள், அஃப்லாவோவில் கானாவுக்குள். ஒவ்வொன்றிலும் வெளியேறும் முத்திரை, நுழையும் முத்திரை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பேருந்துக்காரர் பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக வாங்கிப் போய் 'முடித்துக்கொண்டு' வருவார். ஒரு முத்திரை விடுபட்டிருந்தால் அடுத்த சாவடியில் மாட்டுவது நீங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். ஊசி போடாமலே அட்டை தருகிறவர்களும் உண்டு. இப்போது கியூஆர் குறி உள்ள மின் அட்டை வந்துவிட்டதால் அந்தப் போலி ஸ்கேன் செய்ததும் பல்லிளிக்கும்.

விசா வேண்டாம் என்பதை மட்டும் பார்த்துத் தூர நாட்டுக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பார்படோஸ் நைஜீரியரிடம் விசா கேட்பதில்லை. ஆனால் லண்டன் வழியாகப் போனால் பிரிட்டன் டிரான்சிட் விசா கேட்கும். பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனாலும் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே டிரான்சிட் விசா வேண்டும். ஷெங்கனின் அந்தப் பட்டியலில் நைஜீரியாவோடு இலங்கையும் இருக்கிறது.

மறுத்துவிட்டால்

பிரிட்டன் விசிட்டர் விசாவுக்கு மேல்முறையீடு கிடையாது. மறுத்த கடிதத்தில் சொன்ன குறையைச் சரிசெய்து புதிதாகப் பணம் கட்ட வேண்டியதுதான். அதே தாள்களை மறுவாரமே திருப்பிப் போட்டால் அதே பதில்தான் வரும். ஷெங்கனில் மேல்முறையீட்டு உரிமை உண்டு, வழி நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் 30 நாளுக்குள் நாந்த் நகரத்துக்கு எழுத வேண்டும். ஜெர்மனி தூதரகத்திடம் மறுபரிசீலனை கேட்கும் வசதியை 2025 ஜூலை 1-ல் எடுத்துவிட்டது. இனி நீதிமன்றம் அல்லது புது விண்ணப்பம். ஷெங்கன் மறுப்பு ஐந்தாண்டு பொதுத் தரவில் கிடக்கும், எல்லா உறுப்பு நாடும் பார்க்கும். பிரிட்டன் படிவம் எந்த நாடு மறுத்தது என்றும் கேட்கிறது. மறைத்தால் ஏமாற்று என்று பத்தாண்டுத் தடை வரலாம். போலி வங்கி அறிக்கைக்கும் அதே தண்டனை, அதை அச்சடித்துத் தந்த ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது.

யாருக்கு எது?

மாதச் சம்பளம் வங்கிக்கு வந்து, ஆறு மாத அறிக்கை சுத்தமாக இருப்பவருக்குப் பிரிட்டன்தான் முதல் தேர்வு. முன்பணம் முடங்காது, கிடைத்தால் பலமுறை போய்வரலாம். சின்னக் குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு ஷெங்கன் மலிவு; ஜனவரி, பிப்ரவரியிலேயே நாள் பிடித்தால். லாகோஸின் பலோகுன் சந்தையில் ரொக்கத்தில் வியாபாரம் செய்பவர் இரண்டையும் ஓராண்டு தள்ளிப்போடுவது நல்லது. அதற்குள் வணிகப் பெயரைப் பதிவு செய்து, கடை வரவை முழுக்க ஒரு தனிக் கணக்கில் போட்டு, வரிச் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் ஃபைல் தானாக நிற்கும். அந்த ஆண்டில் விடுமுறைக்கு அக்ராவுக்கோ ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்கோ போய்வரலாம். அங்கே விழும் முத்திரைகள் லண்டன் அதிகாரியிடம் பெரிதாகச் செல்லும் என்று மட்டும் எண்ண வேண்டாம். விசா வாங்கிப் போய், சொன்ன தேதியில் திரும்பிய பயணத்துக்குத்தான் அங்கே மதிப்பு.