வெக்கை ஊரில் இதமான படுக்கையறை: மெத்தை முதல் கொசுவலை வரை ஓர் ஒப்பீட்டு அலசல்

படுக்கையறையை இதமாக அமைப்பது குறித்து இணையத்தில் காணக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளைக் காட்டுபவை. தடித்த கம்பளம், அடுக்கடுக்கான போர்வைகள், உடல் புதையும் மெத்தை, வெல்வெட் திரை என அவற்றில் இருக்கும் ஒவ்வொன்றும் உடலின் சூட்டை வெளியே விடாமல் காப்பதற்காக ஏற்பட்டது. மே மாத இரவில் வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும், காற்றிலும் ஈரம் மிகுந்திருக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. உறக்கம் நெருங்கும் வேளையில் கை கால்களின் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி, அதன் வழியே சூடு வெளியேறி, உடலின் உள்வெப்பம் சற்றே தணிய வேண்டும். இரவின் போக்கில் இந்தத் தணிவு ஏறத்தாழ ஒரு டிகிரி வரை இருக்கும். அந்தச் சூடு போகும் வழியை மெத்தையோ விரிப்போ சுவரோ அடைத்துக்கொண்டால், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் புரண்டு புரண்டுதான் படுக்க நேரும். ஆகவே இங்கே ஒவ்வொரு பொருளிடமும் முதலில் கேட்கப்படுவது, சூட்டையும் வியர்வையையும் அது போக விடுகிறதா என்பதே. மென்மையும் தோற்றமும் அதற்கு அடுத்தவை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வசிப்பவர்கள் இங்குள்ள தீர்ப்புகளில் பலவற்றைத் தலைகீழாக வாசித்துக்கொள்ளலாம்.

செலவும் குழப்பமும் மிகுதியாக இருப்பது மெத்தையில்தான். கடையில் இன்று எதிரெதிரே நிற்பவை இலவம் பஞ்சு, தென்னை நார், ஃபோம், லேட்டக்ஸ் ஆகிய நான்கும்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு வணிகத்துக்குப் பெயர் பெற்றது. அந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த நுண்குழாய். மேலே மெழுகு போன்ற மெல்லிய படலம் இருப்பதால் அது ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதில்லை. இந்தக் குணத்தை நம்பித்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மேலங்கிகளுக்குள் இதை அடைத்தார்கள். இலவம் பஞ்சு உடலுக்குக் குளிர்ச்சி என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க இயலாது, ஏனெனில் இழைக்குள் அடங்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதன் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. வியர்வையை அது தேக்கி வைப்பதில்லை. நெருக்கமாக அடைத்துத் தைத்த மெத்தையில் உடல் அதிகம் புதைவதும் இல்லை என்பதால், தோலின் பெரும்பகுதி மின்விசிறிக் காற்றில் படுகிறது. குறை என்னவென்றால், நாளாக நாளாகப் பஞ்சு படிந்து, இடுப்பு அழுந்தும் இடத்தில் பள்ளம் விழும். அவ்வப்போது வெயிலில் காய வைத்தால் பஞ்சு மீண்டும் உப்பி வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, அடித்து, புதுப் பஞ்சு சேர்த்துத் தைக்கவும் வேண்டும். மொட்டை மாடியும் மெத்தை தைப்பவரும் எட்டும் தொலைவில் இருப்பவர்களுக்கு இது பெரிய வேலையல்ல. ஏழாவது மாடியில் அடுக்ககத்தில் இருப்பவருக்கோ இதுவே இலவம் மெத்தையை விட்டுவிடப் போதுமான காரணம். வாங்குவோர் கவனிக்க வேண்டியது கலப்படம். ஆலைக் கழிவுப் பருத்தியை இலவம் என்று சொல்லி அடைப்பது உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே முறுக்கிப் பார்த்தால் பருத்தி நூலாகத் திரியும். இலவம் பளபளப்போடு வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும்.

தென்னை நார் மெத்தை என்பது நாரின்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, பதப்படுத்திச் செய்யப்படுவது. நார்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் காற்று உள்ளே புகுந்து வெளியேறுகிறது, உடல் புதைவதில்லை, பராமரிப்பு ஏறத்தாழ இல்லை. மின்விசிறி மட்டும் உள்ள அறைக்கு இது நேர்மையான தேர்வு. ஆனால் இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பல, கீழே நாரும் மேலே ஃபோமும் வைத்துத் தைத்தவை. மேலே உள்ள ஃபோம் ஓர் அங்குலத்தைத் தாண்டினால் நாரின் காற்றோட்டத்தால் கிடைக்கும் பயன் பெரிதும் போய்விடும் என்பது என் கணிப்பு. இந்த வகையை விற்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ‘ஆர்த்தோ’ முத்திரையையும் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். முதுகுவலிக்குக் கட்டாந்தரை போலக் கடினமான படுக்கையே மருந்து என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நாட்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரைக் கொண்டு ஸ்பெயினில் நடத்தப்பட்டு, 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் நிவாரணம் பெற்றார்கள். நார் மெத்தை மிகக் கடினமாகத் தோன்றினால் அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்றை விரிப்பது, கூடுதல் விலை கொடுத்து ‘ஆர்த்தோ’ வாங்குவதைவிடப் பயனுள்ளது.

ஃபோம் மெத்தையின் தரத்தை அறிய அதன் அடர்த்தியைக் கேட்க வேண்டும். கடைக்காரர் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதைக் குறிக்கும்; எண் குறையக் குறைய மெத்தை விரைவில் குழி விழும். இதன் உயர்வகையான மெமரி ஃபோம், 1966-இல் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மேம்படுத்தும் முயற்சியில் உருவானது. உடல் சூட்டில் இளகி, உடலின் வளைவுக்கு ஏற்பப் பதிந்துகொள்வதே அதன் தனித்தன்மை; நம் ஊரில் அதன் சிக்கலும் அதுவே. பதிந்துகொண்ட ஃபோம் முதுகையும் விலாவையும் சுற்றி மூடிக்கொள்வதால், மின்விசிறிக் காற்று அங்கே செல்ல வழியில்லை. இரவு முழுவதும் ஏசி ஓடும் அறையில் அது உண்மையாகவே சுகமானது. ஏசியை நள்ளிரவில் நிறுத்திவிடும் வழக்கம் உள்ள வீட்டில் இரண்டு மணிக்கு முதுகு நனைந்து விழிக்க நேரிடும். ஜெல் கலந்த ஃபோம் படுத்தவுடன் குளுமையாக இருக்கும், ஆனால் ஜெல்லும் உடல் சூட்டை வாங்கிச் சூடேறிய பிறகு அந்தக் குளுமை நீடிப்பதில்லை.

லேட்டக்ஸ், கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வடிக்கப்படுவது போன்ற ரப்பர் பாலை நுரைக்க வைத்து வார்த்தெடுப்பது. வார்ப்பு அச்சின் ஊசிகள் ஏற்படுத்தும் துளைகள் மெத்தை முழுவதும் இருப்பதால் ஃபோமைவிடக் காற்றோட்டம் நன்று. அழுத்தியதும் உடனே மீள்வதால் புரண்டு படுப்பதும் எளிது. எடை மிக அதிகம், விலையும் அதிகம். செயற்கை ரப்பர் கலந்ததையும் இயற்கை லேட்டக்ஸ் என்றே விற்பதுண்டு என்பதால், எத்தனை விழுக்காடு இயற்கை ரப்பர் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்பிரிங் மெத்தையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் மட்டுமே இந்தப் போட்டிக்குத் தகுதியானது. ஒருவர் புரளும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் அசையாமல் இருப்பதே அதன் பெரும் நன்மை.

என் தேர்வைச் சொல்வதானால், மின்விசிறி மட்டும் உள்ள அறையில், காய வைக்க மாடி இருந்தால் இலவம் பஞ்சு, இல்லையென்றால் நார். இரவெல்லாம் ஏசி ஓடும் அறைக்குப் பணம் இருந்தால் லேட்டக்ஸ், இல்லையென்றால் 40 அடர்த்தி ஃபோம். சூடு தணிவதை மட்டும் கணக்கில் கொண்டால் கயிற்றுக் கட்டிலும் தரையில் விரித்த கோரைப் பாயும் இவை அனைத்தையும் வென்றுவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் தரையிலிருந்து எழச் சிரமப்படுவதால் பாயை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது. கட்டில் வாங்கும்போதும் இதே அளவுகோல் பொருந்தும். பலகையை மூடி, அடியில் துணிமணி அடைக்கும் ஸ்டோரேஜ் கட்டிலைவிட, இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த கட்டிலில் மெத்தையின் அடிப்பக்கம் உலர்ந்து இருக்கும். மழைக்காலத்தில் மெத்தைக்கு அடியில் பூஞ்சை படிந்து முகர்ந்தால் முடை வீசுவது பெரும்பாலும் முதல் வகையில்தான்.

விரிப்பில் போட்டி பருத்திக்கும் மைக்ரோஃபைபருக்கும் இடையே. மைக்ரோஃபைபர் என்பது மிக நுண்ணிய பாலியெஸ்டர். சுருங்காது, சாயம் போகாது, சீக்கிரம் உலரும், விலையும் குறைவு. வியர்வையை உறிஞ்சாது என்ற ஒரே குறை இத்தனை நிறைகளையும் நம் ஊரில் பயனற்றதாக்கிவிடுகிறது. பருத்தியிலும் சாட்டின் நெசவு வழவழப்பாக இருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்றாக மாறி மாறி ஓடும் சாதா நெசவில்தான் காற்று எளிதாகப் புகும். அட்டைப் பெட்டியில் அச்சிடப்படும் 800, 1000 என்ற இழை எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பல புரிகளை முறுக்கிய நூலில் ஒவ்வொரு புரியையும் தனியாக எண்ணி அந்தக் கணக்கைக் கூட்டிவிடுகிறார்கள். ஒற்றைப் புரி நூலில் 200 முதல் 300 வரை போதும். கரூர் விரிப்பும் சென்னிமலைக் கைத்தறிப் போர்வையும் தோற்றத்தில் சாதாரணமாக இருக்கலாம். துவைக்கத் துவைக்க மெதுவாகும் துணி அதுதான்.

அடுத்தது காற்று. மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை, வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. மிதமான வேகத்தில் காற்று மேலே படும்போது ஏறத்தாழ மூன்று டிகிரி குறைந்ததுபோல உடல் உணர்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் அளவில் மின்சாரம் இழுக்கையில், பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்டது 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகிறது. அது குறைந்த வேகத்தில் ஓசையின்றி ஓடுவது, மின்கட்டணச் சேமிப்பைவிட உறக்கத்துக்குப் பெரிய ஆதாயம். ஏசியையும் மின்விசிறியையும் எதிரிகளாக வைத்துப் பார்ப்பதே தவறான ஒப்பீடு என்று நினைக்கிறேன். இந்தியாவில் விற்கப்படும் அறை ஏசிகள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியைத் தொடக்க அமைப்பாகக் கொண்டு வர வேண்டும் என்பது விதி. அதைக் கைவைத்துப் பதினெட்டுக்கு இறக்கிவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டு படுப்பதைவிட, 26 அல்லது 27-இல் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழல விட்டால் மூக்கும் தொண்டையும் வறளாது, கட்டணமும் இறங்கும்.

மேல்தளத்தில் வசிப்பவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கூரை இருக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவு நெடுநேரம் வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது; அந்த வேளையில் மின்விசிறி தருவது அனல்காற்றுதான். இதற்குப் பலரும் நாடுவது ஃபால்ஸ் சீலிங். அது சூட்டை ஓரளவு தடுக்கும், ஆனால் மின்விசிறியையும் கீழே இறக்கி, அறையின் உயரத்தையும் எடுத்துக்கொள்ளும். மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது அதைவிட மலிவு. சூட்டைத் தளத்துக்குள் நுழையவே விடாமல் தடுப்பதால் பயனும் அதிகம். அடுக்ககத்தில் மாடி பொதுவானது என்பதால் அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்பதுதான் தொல்லை.

விளக்கில் ஒப்பீடு எளிது. நம் வீடுகளில் வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் ஒரே 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) வெண்ணிற டியூப்லைட்டையே மாட்டிவிடுகிறோம். அந்த ஒளியில் மிகுந்திருக்கும் நீலத்தைக் கண்ணின் விழித்திரையிலுள்ள சில உயிரணுக்கள் பகல் என்று எடுத்துக்கொள்வதால், உறக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பு பின்தள்ளப்படுகிறது. 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் நிற எல்.ஈ.டி. பல்பை, உச்சியில் அல்லாமல் கட்டிலின் பக்கத்தில் தாழ்வாக வைத்து, உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு டியூப்லைட்டை அணைத்துவிடலாம். துணி மடிக்கவும் பிள்ளைகள் படிக்கவும் வெள்ளை விளக்கு வேண்டியிருப்பதால் அதைக் கழற்றத் தேவையில்லை. கைப்பேசியால் நிறம் மாற்றும் பல்புகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கித் தருகின்றன. உறங்கப் போகும் நேரத்தில் கைப்பேசியை மீண்டும் கையில் எடுக்க வைக்கின்றன என்பதால் எனக்கு அவை உவப்பில்லை.

மேற்குப் பார்த்த சன்னலுக்குத் தடித்த பிளாக்அவுட் திரை போடுவதா, வெளியே மூங்கில் தட்டி கட்டுவதா என்றால் தட்டியே மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை மறைக்கிறதே தவிர, சூட்டைத் திருப்பியனுப்புவதில்லை. மதுரை, திருச்சி, வேலூர் போன்ற வறண்ட வெக்கை ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் கூடுதல் பலன் உண்டு. ஏற்கெனவே ஈரம் மிகுந்த கடலோரத்தில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். தெருவிளக்கு நேராக முகத்தில் விழும் அறைக்கும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்களுக்கும் பிளாக்அவுட் திரை தேவைதான். அவர்கள் வெளியே தட்டியும் உள்ளே திரையுமாக இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

மாலை ஆறு மணிக்குக் கொசுவுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தும் வீட்டில், வெளியே காற்று குளிரத் தொடங்கும்போது அறைக்குள் பகல் சூடு அப்படியே அடைபட்டு நிற்கிறது. கொசுவலை கட்டிலை மட்டும் காக்கும், அதோடு மின்விசிறிக் காற்றையும் குறைக்கும்; திரவக் கொசுவிரட்டிக்கு அறையை மூடி வைத்தால்தான் பலன். சன்னலுக்கே வலை அடித்துவிட்டால் மூடவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் நகரும் வலைக் கதவு பார்க்க நேர்த்தியானது, ஆனால் நகரும் கண்ணாடியோடு சேர்த்துப் பொருத்தும்போது சன்னலில் பாதிதான் திறந்திருக்கும். வெல்க்ரோ பட்டையில் ஒட்டும் நைலான் வலை சன்னலின் முழு அகலத்துக்கும் காற்றை விடும், வாடகை வீட்டில் சுவரைத் துளையிடாமலும் ஒட்டிக்கொள்ளலாம், தூசி படிந்தால் உரித்துத் துவைக்கலாம். ஓரிரு ஆண்டுகளில் பட்டை பிடிப்பு விட்டுப் போவதால் அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், சன்னல் வலையைத் தாண்டிக் கதவு வழியே வரும் ஒன்றிரண்டு கொசுக்களுக்காகத் தொட்டிலுக்கு மட்டும் தனியாக ஒரு கொசுவலையும் இருக்கட்டும்.