உப்பூர்ப் பக்கம் ஒரு பால் பாட்டில்: பதினோரு மாத அனுபவம்

என் மகள் நாள் நிறையாமல் பிறந்தவள். எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தாய்ப்பாலைக் கொடுத்துவிட்டு, போதாததற்கு மட்டும் பவுடர் பால் கொடுக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எந்தப் பவுடர், எந்த பாட்டில் என்றுதான் என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பூருக்கும் தேவிப்பட்டினத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி எங்கள் வீடு. கொல்லை அடிகுழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. "நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் ஆத்தா" என்றார் என் அத்தை, அதாவது மாமியார். கொதித்தால் கிருமி சாகும். உப்பு எங்கே போகும்? தண்ணீர் சுண்டச் சுண்ட கரிப்பு கூடத்தான் செய்யும். பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அதை வெளியேற்றும் வலு இல்லை. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடத்தில் பிடித்து மூடி வைப்போம். வராத நாளில் 20 லிட்டர் கேன். அதுவும் கொதிக்காமல் பாட்டிலுக்குள் போனதில்லை.

டப்பாவுக்குள் இருப்பது கிருமியே இல்லாத பவுடர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த பவுடரிலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. என் டப்பாவில் 'வெதுவெதுப்பான நீர்' என்றுதான் அச்சிட்டிருந்தது. மருத்துவரிடம் கேட்டேன்; குறைமாதக் குழந்தைக்கு அந்த 70 டிகிரியை விட்டுக்கொடுக்காதே என்றார். ஒரு லிட்டர் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் கணக்கு சரியாக இருக்கும். இரவுக்குப் பிளாஸ்க். பத்து மணிக்கு ஊற்றியதை இரண்டு மணிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். 70க்கு மேலேயே நின்றது. மலிவுப் பிளாஸ்க்கை நம்பாமல் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கலந்த பிறகு ஆற்றுவதுதான் பெரும்பாடு. குழந்தை வீறிடும்; வைகாசி வெயிலில் குழாய்த் தண்ணீரே சுடும். மண்பானைத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, பாட்டிலின் கழுத்துக்குக் கீழே நிற்கும்படி வைத்துச் சுழற்றுவேன். மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, சூடே தெரியாவிட்டால்தான் வாயருகே கொண்டுபோவேன்.

அளவில் வீட்டில் சண்டையே நடந்தது. எங்கள் டப்பாவுக்கு 30 மில்லிக்கு ஒரு கரண்டி. முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கரண்டியைக் குவிக்காமல், அழுத்தாமல், கத்தியின் முதுகால் வழிக்க வேண்டும். "பிள்ளை தேற வேண்டாமா?" என்று ஒருநாள் அத்தை கூட ஒரு கரண்டி போட்டுவிட்டார். மறுநாள் முழுக்கக் குழந்தை மலம் போக முடியாமல் முக்கியது. டப்பா சீக்கிரம் காலியாகிறதே என்று நீர்க்கக் கலப்பவர்களும் உண்டு. அதுவும் மோசம், பிள்ளை வயிறு நிறைந்தும் வாடும். செலவு வலிக்கத்தான் செய்கிறது. தாய்ப்பால் பெரும்பாலும் நின்றுபோன நான்காம் மாதத்தில் 400 கிராம் டப்பா நான்கு நாள் கூடத் தாங்கவில்லை.

முதல் டப்பா மூன்று வாரம் வந்தது. கடற்காற்றின் ஈரத்தில் பவுடர் கட்டி கட்டியாகி, கடைசிக் கால் பங்கைக் குப்பையில் போட்டேன். அதன்பின் உலர்ந்த கரண்டி, இறுகிய மூடி, அலமாரியின் மேல்தட்டு.

முதலில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டே மாதத்தில் அளவுக் கோடுகள் அழிந்தன. கோடில்லாத பாட்டிலில் எதை அளப்பது? கண்ணாடிக்கு மாறினேன். ஒன்று உடைந்தது, மற்றது இன்றும் இருக்கிறது. கம்பி வைத்த தூரிகை இரண்டு வாரத்தில் துருவேறியது, இப்போது சிலிக்கோன். கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படலத்துக்கு வாரம் ஒருமுறை எலுமிச்சைத் துண்டு போட்டுக் காய்ச்சினால் போதும். நிப்பிளின் உள்மடிப்பில்தான் பால் ஒளிந்துகொள்ளும். வெளியே பளபளக்கும், திருப்பினால் வழவழப்பு. மூன்றாம் மாதத்தில் ஒரு வயிற்றுப்போக்கு வந்தது. அதற்கு நான் சந்தேகப்படுவது அந்த மடிப்பைத்தான்.

அதற்குப் பிறகுதான், செவிலியர் முதல் நாளே சொன்ன சங்கை எடுத்தேன். கீழக்கரையிலிருந்து வந்த அசல் பால்சங்கு ஒன்று அத்தையிடம் இருந்தது. ஆனால் அதன் சுருளுக்குள் விரல் போகாது. அதனால் எவர்சில்வர் சங்கு. மூலை முடுக்கு இல்லை, ஒரு தேய்ப்பில் சுத்தம், கொதிநீரில் போட்டெடுக்கலாம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கீழுதட்டில் சங்கின் மூக்கை வைத்து, அவள் விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும்; அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். முதல் வாரம் பாதிப் பால் கழுத்துத் துணிக்குப் போனது. பிறகு இரவிலும் சங்குதான். பாட்டில் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும். பயணத்திலும் கலந்து எடுத்துப்போவதில்லை: பிளாஸ்க்கில் வெந்நீர், சிறு டப்பியில் அளந்த பவுடர். கலந்து இரண்டு மணி நேரம் தாண்டியதும், குடித்து மிஞ்சியதும் கொல்லை முருங்கைக்கு.

இப்போது அவள் டம்ளரைப் பிடித்து இழுக்கிறாள். தப்பித்த கண்ணாடி பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். 120 மில்லிக் கோடு வரை இருக்கிறது.