தமிழ்ப் பேரகராதியில் அழுகலைத் தேடினால்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, அனுபந்தம் 1939-இல். இப்போது சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். கெட்டுப்போவதைக் குறிக்கும் சொற்களுக்கு அது எவ்வளவு கைகொடுக்கும்?

தேடத் தெரிந்தால் நிறையவே. 'உளுத்துப்போன' என்று தட்டினால் எதுவும் வராது. 'உளு' என்று பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். பதிவு 'உளு-த்தல்' என்றிருக்கும். இற்றுப்போன கயிற்றுக்கு 'இறு-தல்' பார்க்க வேண்டும். கூமுட்டை வேண்டுமென்றால் 'கூழ்முட்டை'. 'அழுகு-தல்' பக்கத்தில் நிற்கும் 5, 'உளு-த்தல்' பக்கத்தில் நிற்கும் 11 எல்லாம் வினை திரிபடையும் வகைக்கான எண்கள். பொருள் எண் என்று நினைத்துவிட வேண்டாம்.

இடிப்பது வேறிடத்தில். ஆங்கில விளக்கங்களை மட்டும் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். எது எதோடு சேரும் என்பது பிடிபடாது. தக்காளி அழுகும், சோறு அழுகாது, ஊசும். ஊசிய பருப்பைக் கரண்டியால் தூக்கினால் நூல் விடும், வாடையும் மாறியிருக்கும். பால் திரியும், ரொட்டியில் பூசணம் பூக்கும், பழைய கடலை காறும். நிலைக்கட்டை உளுத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தட்டினால் பொள்ளென்று கேட்கும், மாவாகக் கொட்டும். கத்தரிக்காய்க்கும் பல்லுக்கும் சொத்தை. 'அழுகிய சாதம்' என்று மொழிபெயர்ப்புகளில் வருவதெல்லாம் அகராதியை மட்டும் நம்பியதன் விளைவுதான்.

காலமும் ஒரு குறை. 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று நகராட்சித் தொட்டியில் எழுதியிருக்கும் பொருளை 1936-இல் முடிந்த நூலில் எதிர்பார்க்க முடியாது.

அந்த இடத்தை நிரப்புவது க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி (1992, திருத்திய பதிப்புகள் 2008, 2020). எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பது தெரிந்துவிடும். இலங்கை வழக்கைத் தனியே குறிப்பதும் பெரிய உதவி. அங்கே சோறு 'பழுதாகும்'. ஆனால் பழைய இலக்கியச் சொல்லுக்கு அதைப் புரட்டிப் பயனில்லை. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைக்கு வாங்குவதென்றால் க்ரியா மட்டும் போதும்.