முதல் கில்ட்டாக எதை வாங்கலாம்?

ஸ்காட்லாந்தின் மரபு உடையான கில்ட்டை, அதாவது ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் கொசுவம் வைத்த முழங்கால் அளவுப் பாவாடையை, புதிதாக அணிய ஆசைப்படும் ஒருவர், எடின்பரோவில் இருந்தாலும் நோவா ஸ்கோஷியாவில் இருந்தாலும் மெல்போர்னில் இருந்தாலும், தயங்கித் தயங்கி முதலில் கேட்பது, ‘என் குடும்பத்தில் ஸ்காட்டியர் எவரும் இல்லையே, நான் அணியலாமா?’ என்பதுதான். தாராளமாக அணியலாம். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்டின் உடைக்கு 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விதித்த தடை 1782-இல் நீக்கப்பட்டது. இன்று யார் அணியலாம், யார் அணியக்கூடாது என்று வரையறுக்கும் சட்டம் ஏதும் கிடையாது. அரச குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பால்மோரல் டார்டன் (டார்டன் என்பது குலத்துக்குக் குலம் மாறும் பல நிறக் கட்டத் துணி வடிவம்) போன்ற மிகச் சிலவற்றைத் தவிர்த்தால் போதும்; ஸ்காட்டியக் குலப்பெயர் இல்லாதவர்களுக்கு பிளாக் வாட்ச், ஹன்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா ஆகிய டார்டன்கள் நெடுங்காலமாகவே பொதுவானவையாக இருந்து வருகின்றன.

அடுத்த கேள்வி எதை வாங்குவது என்பது. நெடுங்காலமாகக் கில்ட் அணிந்துவரும் மூத்தவர்களில் பலர் இங்கேதான் புதியவரைக் கலங்கடித்துவிடுகிறார்கள். ‘கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி, 8 கெஜம், கையால் தைத்தது, மற்றதெல்லாம் கில்ட்டே அல்ல’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னால், ஆசையோடு வந்தவர் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

அந்த 8 கெஜக் கில்ட்டின் சிறப்பை நான் மறுக்கவில்லை. உண்மையில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. ஸ்காட்லாந்தின் செல்கர்க் போன்ற ஊர்களின் ஆலைகளில் நெய்யப்படும் கம்பளித் துணியின் கீழ்க்கரையே கில்ட்டின் கீழ் விளிம்பாகிவிடுவதால், அங்கே மடித்துத் தைக்கும் வேலையே இல்லை. ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் விலைக்கான காரணம் விளங்கும். பின்புறத்தில் வரிசையாக விழும் கொசுவங்கள் ஒவ்வொன்றும், டார்டனின் கட்டம் அறுபடாமல் தொடரும்படி கணக்கிட்டு மடிக்கப்பட்டிருக்கும். இடுப்பிலிருந்து பிட்டம் வரை அவை கையால் தைக்கப்பட்டு, மேலே குறுகிக் கீழே விரிந்து வரும்போதும் கோடுகள் பிசகுவதில்லை. படைப்பிரிவுகளின் கில்ட்களில் கட்டத்துக்குப் பதிலாக ஒரே கோடு ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் வரும்படி மடிப்பார்கள். அணிவகுப்பில் நடக்கும்போது அந்தக் கோடுகள் அசையும் அழகே தனி. நல்ல கம்பளி சுருக்கத்தைத் தானாகவே விட்டுவிடும், காற்றில் எளிதில் பறக்காது, பராமரித்தால் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். ஆனால் பல நூறு பவுண்டு செலவாகும், தைத்து வருவதற்கு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும், வெயில் நாடுகளில் 16 அவுன்ஸ் துணியை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு கோடைப் பகலைக் கழிப்பதும் எளிதன்று. தனக்கு இந்த உடை பொருந்துமா என்றே இன்னும் அறியாத ஒருவரிடம் இதை முதல் நிபந்தனையாக வைப்பது முறையாகாது.

8 கெஜம் என்பது ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வந்த அளவும் அன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைக்கப்பட்ட கில்ட்களுக்கு ஏறத்தாழ 4 கெஜத் துணியே போதுமானதாக இருந்தது. கொசுவங்களும் அகலமான பெட்டி மடிப்புகளாகவே இருந்தன. குறைந்த துணியில் தைப்பது மலிவு வேலை என்று ஏளனம் செய்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எதிர் முனையில் இருப்பது சுற்றுலாக் கடைகளில் தொங்கும் அக்ரிலிக் கில்ட். விலை மிகக் குறைவு என்பதைத் தவிர அதற்காகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதன் கொசுவங்கள் சில முறை உட்கார்ந்து எழுந்ததுமே கலைந்துவிடும், துணியின் மேல் பிசிறு உருளும், பின்புறத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று சேராமல் சிதறிக் கிடக்கும். இதை அணிந்து கண்ணாடியில் பார்க்கும் புதியவர், கில்ட் தனக்குப் பொருந்தவில்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும் என்பதுதான் என் கவலை. பொருந்தாதது அந்தத் துணியே தவிர அவர் உடல் அன்று.

வாடகைக்கு எடுப்பது ஒரே ஒரு திருமணத்துக்குப் போகிறவருக்குச் சரியான வழி. பிரின்ஸ் சார்லி ஜாக்கெட் (விழாவுக்கு அணியும் குட்டைக் கோட்டு), ஸ்போரன் (இடுப்பின் முன்னால் தொங்கும் பை), காலுறை, காலணி என எல்லாம் மொத்தமாகக் கிடைத்துவிடும். ஆனால் தொடர்ந்து அணிய நினைப்பவருக்கு இதில் பயனில்லை, ஏனெனில் பலர் உடலுக்கும் ஈடுகொடுக்க வேண்டிய வாடகைக் கில்ட் எவர் இடுப்பிலும் முழுமையாக உட்காராது.

யூட்டிலிட்டி கில்ட் முற்றிலும் வேறு வகை. 2000-இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் புகழ்பெறச் செய்த இவ்வகையில் டார்டனுக்குப் பதில் தடித்த பருத்தித் துணியும், ஸ்போரனுக்குப் பதில் பக்கப் பைகளும் இருக்கும். மரபை நேசிக்கும் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பதை நான் ஏற்பதில்லை. தோட்ட வேலை செய்யவும் கூடாரம் அடிக்கவும் இதுவே வசதியானது, சலவை இயந்திரத்திலும் போடலாம். எனினும் ஹைலேண்ட் விளையாட்டு விழாவிலோ பேக்பைப் இசைக்குழுவின் நிகழ்ச்சியிலோ டார்டன் அணிந்தவர்களோடு சேர்ந்து நிற்க விரும்புபவருக்கு இது அந்த ஆசையைத் தீர்க்காது.

ஆகவே புதியவருக்கு நான் பரிந்துரைப்பது 4 அல்லது 5 கெஜத்தில் தைத்த கில்ட்டை. கையில் ஓரளவு பணம் இருந்தால் 13 அவுன்ஸ் கம்பளி. இல்லையென்றால் பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி. இந்தக் கலப்புத் துணி கம்பளியைப் போல் கனமாக விழாது என்றாலும் கொசுவத்தை நன்றாகவே பிடித்துக்கொள்ளும், வீட்டிலேயே துவைக்கலாம், கம்பளி உறுத்தும் தோலுக்கும் ஏற்றது. இதில் பழகி, வாரம் ஒருமுறையாவது வெளியே அணிந்து போகத் துணிவு வந்த பிறகு 8 கெஜக் கில்ட்டுக்கு அளவு கொடுத்தால், எந்த டார்டன் வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும்.

எதை வாங்கினாலும் ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்கக்கூடாது. கில்ட் தொப்புள் மட்டத்தில் கட்டப்படுவது. அந்த இடத்தின் சுற்றளவையும் பிட்டத்தின் சுற்றளவையும் நாடாவால் அளந்து கொடுக்க வேண்டும், கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவைத் தாண்டக்கூடாது. கொசுவம் எப்போதும் பின்பக்கம். கில்ட்டின் அலங்கார ஊசியை, முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரு துணிகளில் மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும்; அடித் துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும். கொசுவம் கலையாதிருக்கத் தையற்காரர் குறுக்கே தளர்வாக ஓட்டியிருக்கும் வெள்ளை நூலை, அணிவதற்கு முன் பிரித்து எடுத்துவிட வேண்டும்; புதியவர் எவரேனும் அந்த நூலோடு வந்து நின்றால், அருகில் இருப்பவர் தனியே அழைத்துப் போய்ப் பிரித்துவிடுவது நல்லது.