இன்ஸ்டன்ட் ராமென்: நூடுல்ஸ் பாஸ், சூப்தான் தேற வேண்டும்

இன்ஸ்டன்ட் ராமென் பாக்கெட்டில் இருப்பது நூடுல்ஸும் சூப் தூளும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட முடியாது. நூடுல்ஸ் நல்ல சரக்கு. ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ 1958-ல் சிக்கன் ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது கையாண்ட எண்ணெயில் பொரிக்கும் முறைதான் இன்றும் பெரும்பாலான பாக்கெட்டுகளுக்கு. பொரியும்போது ஈரம் ஆவியாகி ஓடிவிட, மாவில் நுண்துளைகள் விழுகின்றன. வெந்நீர் அதன் வழியே ஏறி மூன்று நிமிடத்தில் வேகவைத்துவிடுகிறது.

கோட்டை விடுவது சூப்பில். உப்பும் உமாமியும் (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் ஆழ்ந்த ருசி) தாராளம். கொழுப்பு போதாது, புளிப்பும் பச்சைத் தழைகளின் மணமும் அறவே கிடையாது. ஒரு பாக்கெட்டிலேயே சோடியம் 1,500 மில்லிகிராமைத் தாண்டுவது சகஜம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்கவே 2,000-க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சோயா சாஸை எடுத்து ஊற்றுவது முதல் தப்பு. தூளில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் போட்டு, ருசி பார்த்துவிட்டு மிச்சத்தைப் பற்றி யோசிக்கலாம்.

செலவழிக்கும் நேரத்துக்கு அதிகப் பலன் தருவது முட்டை–மயோனைஸ் முறை. பரிமாறும் கிண்ணத்திலேயே ஒரு மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ், துருவிய பூண்டு அரைப் பல், மூன்றில் இரண்டு பங்கு தூள் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸை 400 மில்லி தண்ணீரில் வேகவைத்து, அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு கரண்டி வெந்நீரை மட்டும் எடுத்து, கலக்கிக்கொண்டே நூல் போல ஊற்றுங்கள். கலவை சூடேறி இளகியதும் மீதி நீரும் நூடுல்ஸும் போகலாம். மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் எண்ணெயைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சூப் போல வெளுப்பாக, கெட்டியாக நிற்கும். கொதிக்கிற நீரை ஒரேயடியாகக் கொட்டினாலோ, ஆறிவிட்டதென்று மறுபடி அடுப்பில் ஏற்றினாலோ திரிந்துவிடும். மஞ்சள் கரு 65–70 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். வெள்ளைக் கருவையும் சேர்த்தால் நார் நாராக மிதக்கும். முட்டை இதில் முழுதாக வேகாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த முறை வேண்டாம்.

ஆண்டோவின் அந்தச் சிக்கன் ராமெனில் தனித் தூள் பொட்டலம் கிடையாது, சுவை நூடுல்ஸிலேயே ஊறியிருக்கிறது. உப்பைக் குறைக்க வழியில்லாததால் இந்த வித்தைக்கு அது தோதுப்படாது. அதன் கட்டியில் முட்டை உடைத்து ஊற்றக் குழி ஒன்று உண்டு. படத்தில் அழகாக இருக்கும். வீட்டில் வெள்ளைக் கரு சளசளவென்று பச்சையாகவே நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை தண்ணீரின் சூட்டை இறக்கிவிடுவதுதான் காரணம். முட்டையை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, கொதிநீரை வெள்ளைக் கருவின் மேலேயே சுற்றி ஊற்றி, இறுக்கி மூட வேண்டும். அப்போதும் அரைகுறையாக நின்றால் பாத்திரத்தில் ஒரு நிமிடம் கொதிக்கவிடுவதே உத்தமம்.

ஷின் ராம்யுன் போன்ற காரமான கொரிய வகைக்குப் பால். பாக்கெட் சொல்லும் 550 மில்லியில் 400 மட்டும் தண்ணீர். கடைசி அரை நிமிடத்தில் தீயைக் குறைத்து 150 மில்லி பால். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும், மணம் போகாது. பால் விட்டால் எலுமிச்சை கூடாது, திரிந்துவிடும். பால் விடாத கிண்ணத்துக்கோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ அரைத் தேக்கரண்டி அவசியம். சூப்புக்கு உயிர் வருவது அதில்தான். சீஸ் என்றால் பதப்படுத்திய ஸ்லைஸ்தான் கரையும். மொசரெல்லா கயிறாகத் திரண்டு கரண்டியில் தொங்கும்.

எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்ததாக இருக்கட்டும், வறுக்காததில் இந்த வாசனை வராது. அடுப்பை அணைத்த பிறகு அரைத் தேக்கரண்டி போதும். கொதிக்கும்போதே விட்டால் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும். வெங்காயத்தாளும் அப்படியே, மேலே தூவுவதற்கு மட்டும்.

காய்கறியில்தான் பலர் சொதப்புகிறார்கள். நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது உறைந்த சோளத்தையோ கீரையையோ கைநிறைய அள்ளிப் போட்டால் கொதி அடங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறி நூடுல்ஸ் கொழகொழத்துவிடும். காளான், கேரட், சோளம் முதலில். மறுபடி தளதளவென்று கொதி வந்த பிறகு நூடுல்ஸ். முளைகட்டிய பயறும் கீரையும் கடைசி அரை நிமிடத்தில், ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு அரை நிமிடம் முன்பே அடுப்பை அணையுங்கள். கிண்ணத்திலும் வெந்துகொண்டுதான் இருக்கும்.

கப் வகையை ஜோடிக்க மெனக்கெட வேண்டாம். அதில் இடமும் இல்லை, சூடும் நிற்காது.

சூப் இல்லாத உலர் வகைக்கு ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயும் சில சொட்டு வினிகரும் நன்றாகச் சேரும். ஆனால் தண்ணீரை ஒட்ட வடித்துவிடாதீர்கள். ஏழெட்டு மேசைக்கரண்டி நிறுத்திக்கொண்டு, சாஸோடு அரை நிமிடம் புரட்டினால் அந்த மாவுத் தண்ணீரே சாஸை நூடுல்ஸில் ஒட்டவைக்கும். வடித்துவிட்டால் சாஸ் அடியில் தங்கும், மேலே நூடுல்ஸ் ஒட்டிப்போன கட்டியாக நிற்கும்.