ஃபை டிரைவரை எங்கே எழுதுவது? லினக்ஸில் உள்ள வழிகள், ஒரு அலசல்

முப்பந்தல் காற்றாலைகளுக்கு டேட்டா லாகர் போர்டு செய்பவர்களுக்கும், நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் எம்பெடட் லினக்ஸ் புராஜெக்ட் எடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வி வரும். யூஎஸ்பி, சாட்டா போன்ற கன்ட்ரோலருக்கும் வெளியே போகும் கம்பிக்கும் நடுவில் சிக்னலை அனுப்பி வாங்குகிற ஃபை (PHY) சர்க்யூட்டுக்கு டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, எங்கே எழுதுவது?

கன்ட்ரோலர் டிரைவருக்குள்ளேயே எழுதுவது முதல் வழி. சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அதே ஃபை வேறொரு சிப்பில் வேறு கன்ட்ரோலரோடு வந்தால் டிரைவர் கோட் (code) முழுவதையும் நகலெடுக்க வேண்டியதுதான். ஃபை கன்ட்ரோலருக்குள்ளேயே அடங்கியிருந்தால் மட்டும் இது சரி.

இரண்டாவது, யூஎஸ்பி-க்கென்றே இருந்த பழைய ஃபை லைப்ரரி. சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு அது உதவாது. பழைய போர்டுகளின் டிரைவர்கள் இன்னும் அங்கே இருப்பதால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக எழுத அங்கே போகாதீர்கள்.

மூன்றாவதுதான் ஜெனரிக் ஃபை ஃப்ரேம்வொர்க். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிஷோன் விஜய் ஆபிரகாம் எழுதியது. 2014 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.13 கெர்னலில் சேர்ந்தது. ஃபை டிரைவர் இனிட், எக்ஸிட், பவர் ஆன், பவர் ஆஃப், செட் மோட் போன்ற சில ஃபங்ஷன்களைக் கொடுத்தால் போதும். எந்தக் கன்ட்ரோலருக்கு எந்த ஃபை என்பதை, போர்டில் என்னென்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ சொல்லிவிடும். ஃபை டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றால் கன்ட்ரோலரின் புரோப் (டிரைவர் ஹார்டுவேரோடு சேரும் தொடக்க வேலை) தள்ளிப்போய், பிறகு தானாக மறுபடி நடக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஃபையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு வைக்கும் முறை. ஒரே யூஎஸ்பி 2.0 போர்ட்டை இஹெச்சிஐ (EHCI, அதிவேகக் கருவிகளுக்கு), ஓஹெச்சிஐ (OHCI, மெதுவான கருவிகளுக்கு) என்று இரண்டு கன்ட்ரோலர்கள் பகிர்ந்துகொள்ளும். முதலில் கேட்பவருக்கு மட்டும் இனிட் உண்மையில் ஓடும். கடைசி ஆள் விட்ட பிறகுதான் பவர் அணையும். ஃபைக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரையும் ஃப்ரேம்வொர்க்கே சேர்த்து இயக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் சோலார் பேட்டரியில் ஓடும் போர்டில் யூஎஸ்பி மோடத்தை வேலை இல்லாதபோது அணைத்து வைக்க நினைத்தால், இந்த ஒழுங்கு நிஜமாகவே கைகொடுக்கும். முதல் வழியில் இதையெல்லாம் நாமேதான் எழுத வேண்டும்.

குறையும் உண்டு. சிக்னல் வலிமை மாதிரியான நுணுக்க அமைப்புகளுக்கு ஒவ்வொரு சிப் கம்பெனியும் டிவைஸ் ட்ரீயில் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. டேட்டாஷீட்டும், அந்தப் பெயர்களை விளக்கும் பைண்டிங் ஆவணமும் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொட முடியாது.

அப்புறம், ஈதர்நெட். பலர் குழம்புவது இங்கேதான். ஆர்ஜே45 சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபை சிப்புக்கு ஜெனரிக் ஃப்ரேம்வொர்க் ஏற்றதில்லை. ஈதர்நெட் ஃபைகளுக்கென்றே கெர்னலில் உள்ள ஃபைலிப் (phylib) லைப்ரரிதான் இடம். ஃபை சிப்பைக் கட்டுப்படுத்தும் எம்டிஐஓ (MDIO) பஸ்ஸில் 32 முகவரிகள் வரை பேசுவது, வேகத்தை இரு முனையும் ஒத்துக்கொள்ள வைப்பது, இன்டரப்ட் இல்லாவிட்டால் ஒரு நொடிக்கு ஒருமுறை லிங்க்கைப் பார்ப்பது எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. ஆனால் கன்ட்ரோலர் இருக்கும் முதன்மைச் சிப்புக்குள் உள்ள எஸ்ஜிஎம்ஐஐ செர்டெஸ் (SGMII SerDes, ஃபை சிப்போடு டேட்டாவை வரிசையாக அனுப்பி வாங்கும் சர்க்யூட்) ஜெனரிக் பக்கம்தான் வரும். ஆக ஒரே ஈதர்நெட் போர்ட்டுக்கு இரண்டும் தேவைப்படலாம்: டிவைஸ் ட்ரீயில் 'ஃபை-ஹேண்டில்' (phy-handle) என்றிருந்தால் ஃபைலிப், 'ஃபைஸ்' (phys) என்றிருந்தால் ஜெனரிக்.